வல்லாரைக்கும் கரட்டுக்கும் ஒரே ஜூசர் சரிவருமா?

நாங்கள் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கிறோம். பல்செட் போட்ட பிறகு மாமாவால் கரட், பீற்றூட் எதையும் மென்று சாப்பிட முடியவில்லை. சாறாகக் கொடுப்போம் என்றுதான் ஜூசர் தேடத் தொடங்கினோம். எந்த ஜூசர் வாங்கலாம் என்ற இந்தப் பேச்சில் பலர் விலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்றால், எதைப் பிழியப் போகிறோம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று படுகிறது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பது வேகமாகச் சுற்றும் வகை. நிமிடத்துக்கு 10,000 சுற்று அளவில் ஓடி, காயைத் துருவி, வலையில் வீசிச் சாற்றைப் பிரிக்கும். கரட்டுக்கு அருமை. இங்கே பக்கத்திலுள்ள திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய வல்லாரையை அதில் போட்டுப் பார்த்தோம். பாதி இலை ஈரத்தோடே சக்கைப் பக்கம் போய் விழுந்தது. கோப்பையில் கொஞ்சச் சாறும் நிறைய நுரையும்தான்.

மெதுவாகப் பிழியும் வகை நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்றுத்தான் ஓடும். உள்ளே இருக்கும் திருகு, செக்கு எள்ளை நசுக்குவதுபோல இலையை நசுக்கிச் சாற்றை இறக்கும். சக்கையைக் கையால் பிழிந்து பார்த்தேன், பெரிதாக ஈரமே இல்லை. வல்லாரை, பொன்னாங்காணி என்று இலைச் சாறு குடிக்கப் போகிறவர்கள், காசு கூடினாலும் இதையே வாங்குங்கள். கரட், வெள்ளரி, நீத்துப்பூசணி மட்டும் என்றால் மற்றதே போதும்.

இலையைத் தண்டோடு நீளமாகப் போட்டால் நார் திருகில் சுற்றிக்கொள்ளும். சின்னதாக நறுக்கி, இடைக்கிடை ஒரு கரட் துண்டு போட்டால் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்.

அப்புறம், கழுவுகிற வேலை. எந்த ஜூசரும் அலுமாரிக்குள் முடங்குவது இதனால்தான். கடையில் நிற்கும்போதே கழற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். வலையில் சக்கை காய்ந்துவிட்டால் பிரஷ்ஷால் தேய்த்தாலும் போகாது, உடனே கழுவ வேண்டும். பிளாஸ்டிக்கில் பிடித்த கரட் நிறம் சவர்க்காரத்துக்கு அசையாது. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும், அந்த நிறம் எண்ணெயில் கரைவது.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்புவதாக இருந்தால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். அங்கே 120, இங்கே 230. அப்படியே பிளக்கில் செருகினால் மோட்டார் கருகிவிடும். லண்டன், ஜெர்மனிப் பக்கம் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை.

சாற்றை எடுத்த கையோடு குடித்துவிடுவது நல்லது, வைக்க வைக்க விற்றமின் சி குறையும். நார்ச்சத்து பெரும்பாலும் சக்கையோடு போய்விடுவதால் கரட் சக்கையை நான் எறிவதில்லை. தேங்காய்ப்பூவோடு ரொட்டி மாவில் பிசைந்துவிடுவேன்; மென்மையாக இருப்பதால் மாமாவும் சாப்பிடுகிறார்.

சிறுநீரக வருத்தம் உள்ள அப்பாவுக்குத் தினமும் பீற்றூட் சாறு கொடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: பீற்றூட்டிலும் கீரைகளிலும் பொட்டாசியம் அதிகம். டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுப்பவர்களும் இலைச் சாறு தொடங்குமுன் கட்டாயம் கேளுங்கள்.