பீட்டா பிளாக்கர் உட்கொள்பவருக்கு இதயத்துடிப்பு இலக்கு பொருந்துமா?

கேள்வி: என்னிடம் பயிற்சி பெறும் 58 வயதுடைய ஒருவர் இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்கிறார். மூச்சு வாங்கும் அளவுக்கு நடந்தாலும் அவருடைய துடிப்பு நிமிடத்துக்கு 105-ஐத் தாண்டுவதில்லை என்பதால், வேகத்தைக் கூட்டலாமா?

மறுமொழி 1: கூட்ட வேண்டாம். அட்ரினலின் இதயத்தை முடுக்குவதை அம்மருந்து தடுப்பதால், உச்ச இதயத்துடிப்பை அறிய 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு (பொதுவாகவே அது தோராயமானதுதான்) இவருக்குப் பொருந்தாது. 6 முதல் 20 வரையிலான போர்க் அளவுகோலில் தம் சிரமத்தை அவரே மதிப்பிடட்டும். 12, 13 என்றால் மிதமான உழைப்பு.

மறுமொழி 2: பேச முடிந்து, பாட முடியாமற்போனால் அதுவும் மிதமான உழைப்பே. திடீரென நிறுத்தினால் தலைசுற்றலாம் என்பதால், வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கச் செய்யுங்கள். மார்பு வலித்தால் பயிற்சியை நிறுத்தி உடனடி மருத்துவ உதவியை நாடுங்கள்.

கேட்டவர்: நன்றி. மாத்திரையின் அளவு மாறினால் தெரிவிக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.