துப்பறியும் நூலகருக்குத் தடயம் எங்கிருந்து வரும்?

கேள்வி: சின்ன ஊரில் நடக்கும் கொலைக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். துப்பறிபவர் ஓய்வுபெற்ற நூலகர், வயதான பெண்மணி. போலீஸுக்குத் தெரியாதது இவருக்கு மட்டும் எப்படித் தெரியவரும்? தற்செயலாக ஒட்டுக்கேட்டார் என்று எழுத மனம் வரவில்லை.

பதில் 1: அவர் பார்த்த வேலையிலேயே விடை இருக்கிறது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எதைத் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் நூலகர் நினைவில் தங்கும். செடிகொடி பக்கமே போகாத ஒருவர் நச்சுத் தாவரங்கள் பற்றிய புத்தகத்தை மறுபடி மறுபடி புதுப்பித்திருந்தால்? அதை ஆரம்ப அத்தியாயத்திலேயே, வேறு பேச்சுக்கு நடுவே போட்டுவிடுங்கள். ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்காக 1929-இல் வகுத்த பத்து விதிகளில் இது உண்டு: துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. தற்செயல் அவருக்குக் கைகொடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி. உங்கள் தயக்கம் நியாயமானது.

பதில் 2: தயவுசெய்து போலீஸை முட்டாளாக்காதீர்கள். இறந்த நேரம், காயம் எல்லாவற்றையும் அவர்கள் சரியாகவே கணிக்கட்டும். சீருடையைக் கண்டதும் ஊர் வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். இன்னொன்று, செத்தவருக்காக உண்மையாக அழ ஓர் ஆளாவது வேண்டும். அது இல்லாத கதை எனக்கு வெறும் புதிர்தான்.

கேள்வி கேட்டவர்: நன்றி. இறந்தவருக்கு ஒரு தங்கையைச் சேர்க்கிறேன். அந்தப் புத்தகமே அவள் பெயரில் எடுக்கப்பட்டதாக இருக்கட்டும்.