கடைசி 32 கிலோமீட்டரில் அணைந்த திரை: கிளைடரில் டேப்லெட், எங்கள் அனுபவங்கள்

நான்கு ஆண்டுகளாக என் கிளைடரின் (எஞ்சின் இல்லாத விமானம், இறக்கை நீளம் 15 மீட்டர்) கருவிப் பலகையில் எட்டங்குல டேப்லெட் ஒன்றைப் பொருத்திப் பறக்கிறேன். அதில் ஓடுவது எக்ஸ்சிசோர். இலவச மென்பொருள், திறந்த மூலநிரல் கொண்டது. வரைபடம், அனுமதியின்றி நுழையக் கூடாத வான்வெளிகளின் எல்லைகள், காற்றின் திசையும் வேகமும், இப்போதுள்ள உயரத்திலிருந்து எந்த இறங்குகளத்தை எட்ட முடியும் என்ற கணக்கு, எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. கிளைடருக்கென்றே விற்கும் கணினிகளின் விலையைக் கேட்டுப் பின்வாங்கிய எனக்கு இது பெரிய வரம். அதனால்தான் சென்ற கோடையில் நடந்ததை மறைக்காமல் எழுத விரும்புகிறேன்.

நீண்ட பயணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். களத்துக்கு இன்னும் 32 கிலோமீட்டர். களத்தின் தரைமட்டத்தைவிட 1,300 மீட்டர் உயரத்தில் இருந்தேன். ஏறத்தாழ 300 மீட்டர் மிச்சத்தோடு போய்ச் சேர்வேன் என்று டேப்லெட் காட்டியது. திடீரென்று திரை மங்கியது. வெயில் பட்டுக் கூசுகிறது என்று நினைத்துக் கையால் நிழல் பிடித்தேன். உண்மையில் சூடு தாங்காமல் கருவியே ஒளியைக் குறைத்துக்கொண்டிருந்தது. அடுத்து வெப்பநிலை எச்சரிக்கை வந்தது. பிறகு முழு இருட்டு.

உயரமானியும், ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் பழைய வேரியோமீட்டரும் காற்றழுத்தத்தில் இயங்குபவை. அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. பக்கப் பையில் காகித வரைபடம் இருந்தது. மனக்கணக்கில் இறங்கினேன். அசைவற்ற காற்றில் என் கிளைடர் ஒரு மீட்டர் இறங்கினால் 40 மீட்டர் முன்னேறும். மணிக்கு 110 கிலோமீட்டரில் பறக்கிறேன், எதிர்க்காற்று 20. ஆகவே 40 என்பது 33-க்கும் சற்றுக் குறைவாகிவிடும். ஐந்து கிலோமீட்டருக்கு 150 மீட்டர் இழக்கலாம். அதற்கு மேல் இழந்தால் வயல் தேட வேண்டும். ஒரு நெடுஞ்சாலைச் சந்திப்பைக் கடந்தபோது பார்த்தேன்: அந்த ஐந்து கிலோமீட்டரில் 250 மீட்டர் போயிருந்தது. தொண்டை வறண்டுவிட்டது. வலப்புறம் இருந்த மேகத்தின் அடியைப் பிடித்து வளைந்து போனேன். அங்கே மேலெழும் காற்றில் நான்கு சுற்றில் இழந்ததை மீட்டுக்கொண்டு, 260 மீட்டர் உயரத்தில் களத்துக்கு மேல் வந்து சேர்ந்தேன். இறங்கிய பிறகு டேப்லெட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். விரலை வைக்க முடியவில்லை.

பல டேப்லெட்டுகளின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி என்றுதான் எழுதியிருக்கும். கண்ணாடி மூடிக்குள் வெயிலில் உட்காரும் கருவிக்கு 35 டிகிரி எந்த மூலைக்குப் போதும்? போதாததற்கு நான் கறுப்புத் தோல் உறையைப் போட்டு, ஒளியை முழுக்க வைத்து, மின்னேற்றமும் செய்துகொண்டிருந்தேன். இப்போது உறை இல்லை. முதுகில் வெள்ளைத் தகடு, பலகைக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி, காற்றுத் துளையின் வாய் அதை நோக்கித் திருப்பியிருக்கிறது. மின்னேற்றத்தைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். இந்தப் பருவம் முழுவதும் ஒருமுறைகூட அணையவில்லை. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

வெப்பத்தைச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு வினை மின்சாரத்தில் வந்தது.

எங்கள் இருக்கைக்குப் பின்னால் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கணக்குப்படி 84 வாட்-மணி. என் டேப்லெட் முழு ஒளியில் ஏழு வாட் இழுக்கிறது. ஐந்து மணி நேரம் பறந்தால் கிட்டத்தட்ட பாதிப் பேட்டரி அதற்கே போய்விடும். ரேடியோவுக்கும், அருகே வரும் விமானங்களைப் பற்றி மோதல் எச்சரிக்கை தரும் ஃபிளார்ம் கருவிக்கும் மிச்சம் வேண்டாமா? அதைவிடப் பெரிய தொல்லை, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க நான் வாங்கிய மலிவான மாற்றி. பறந்த மூன்று நாளும் ரேடியோவில் ஓயாத இரைச்சல். ரேடியோதான் கெட்டுவிட்டது என்று கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு தரையில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டுவிட்டு ஒவ்வொரு இணைப்பாகப் பிடுங்கினேன். மாற்றியைப் பிடுங்கிய நொடியில் அமைதி. நல்ல உலோகக் கவசமுள்ள மாற்றியை வாங்கி, ஆண்டெனா கம்பியிலிருந்து தள்ளி வைத்தேன். தொல்லை தீர்ந்தது.

திசைகாட்டியையும் பாருங்கள். சில டேப்லெட் உறைகளில் காந்தம் இருக்கிறது. என்னுடையது முள்ளை முப்பது டிகிரி இழுத்துக்கொண்டிருந்தது.

* * *

நான் பயிற்றுநர். இருவர் அமரும் கிளைடரில் பின் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் இருப்பவரின் தலையைப் பார்ப்பதே என் வேலை. தலை எப்போது குனிகிறது, எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறது என்று பார்க்கிறேன்.

ஒரு நாள் ஒரே வெப்ப எழுச்சியில், அதாவது சூடாகி மேலெழும் காற்றில், எங்களோடு மூன்று கிளைடர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நான்காவது ஒன்று கீழிருந்து ஏறி வந்தது. ஃபிளார்ம் ஒலித்தது. என் மாணவர் வெளியே பார்க்கவில்லை. அந்தக் கிளைடரின் சின்னம் டேப்லெட்டில் எங்கே இருக்கிறது என்று தேடினார். உடனே கட்டுப்பாட்டை நான் எடுத்துக்கொண்டு வளைவைத் தளர்த்தி வெளியேறினேன். அந்த விமானியின் தொப்பி நிறம்வரை எனக்குத் தெரிந்தது. மாணவர் நல்ல அறிவாளி, கவனமானவர். திரை அவ்வளவு நன்றாக இருந்ததுதான் சிக்கல்.

அன்று மாலை அவரைத் தரையில் நின்ற கிளைடரிலேயே உட்காரவைத்தேன். “முன்னால் இருக்கும் வான்வெளியின் அடிமட்ட உயரம் என்ன? டேப்லெட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றேன். விரல்களால் பெரிதாக்கி, நகர்த்தி, தொட்டு, அவர் விடை சொல்ல 11 நொடி ஆயிற்று. மணிக்கு 100 கிலோமீட்டரில் 11 நொடி என்றால் 300 மீட்டர். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் இடையில் 600 மீட்டர் கரைந்துவிடும். அவர் வெகுநேரம் பேசவில்லை.

என் மாணவர்களுக்கு மூன்று திரைப் பக்கங்கள் போதும் என்று வைத்திருக்கிறேன்: பயண வரைபடம், வெப்ப எழுச்சியில் சுற்றும்போது ஒன்று, களத்தை நோக்கிய இறுதிச் சறுக்கலுக்கு ஒன்று. பெரிதாக்குவதும் அமைப்பை மாற்றுவதும் தரையிலேயே முடிந்துவிட வேண்டும். சுற்றும்போது திரையைத் தொடக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் டேப்லெட்டின் மேல் துணி போட்டுவிடுவேன். கண்ணாடி மூடியின் வெளியே ஒட்டிய கம்பளி நூலைப் பாருங்கள், தொடுவானத்தைப் பாருங்கள், காதால் வேரியோவைக் கேளுங்கள் என்பேன். நூல் நேராக நின்றால் கிளைடர் பக்கவாட்டில் வழுக்காமல் போகிறது என்று பொருள். அதைப் பார்க்கும் கண் வெளியேதான் இருக்கிறது; அதனால்தான் எனக்கு அந்த நூல்மீது அத்தனை மதிப்பு.

பொருத்தும் இடமும் முக்கியம். உறிஞ்சு பிடியை நம்பாதீர்கள், வெயிலில் தளர்ந்துவிடும். கட்டுப்பாட்டுத் தண்டுக்கருகே விழுந்த டேப்லெட் தண்டின் அசைவைத் தடுக்கும். அவசரத்தில் மூடியைக் கழற்றி எறியும் கைப்பிடிக்கும், எழுந்து குதிக்கும் வழிக்கும் குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது.

* * *

வெயிலில் திரை தெரியாதவர்களுக்கு ஒரு வழி. கோபோ மின்நூல் வாசிப்பான்கள் சிலவற்றிலும் எக்ஸ்சிசோர் ஓடும். அச்சிட்ட தாள்போல் நடு வெயிலில்தான் மிகத் தெளிவாகத் தெரியும், மின்சாரமும் சொற்பம். உள்ளே ஜிபிஎஸ் கிடையாது. ஃபிளார்மிலிருந்து கம்பி வழியே தர வேண்டும். படம் மெதுவாகத்தான் மாறும். எனக்கு அது பழகிவிட்டது. டேப்லெட்தான் வேண்டும் என்றால், போலராய்டு கண்ணாடி அணிந்து அதைக் குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் கறுப்பாகிவிடலாம்.

* * *

குளிர்காலத்தில் மலை அலைகளில், அதாவது மலையைத் தாண்டி வீசும் காற்று எழுப்பும் அலைகளில், பறப்பவன் நான். டேப்லெட்டின் ஜிபிஎஸ் உயரத்தை வைத்து, மேலே இருக்கும் வான்வெளி எல்லைக்கு இன்னும் 120 மீட்டர் இடம் இருப்பதாக நம்பி ஏறிக்கொண்டிருந்தேன். தற்செயலாக உயரமானியைப் பார்த்தால் எல்லையிலேயே நிற்கிறேன். எல்லைகள் அழுத்த உயரத்தில், அதாவது காற்றழுத்தத்தை வைத்து உயரமானி காட்டும் உயரத்தில், வகுக்கப்பட்டவை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் உண்மையான உயரத்தைவிட உயரமானி கூடுதலாகக் காட்டும். சட்டம் கேட்பது உயரமானியின் எண்ணைத்தான். ஃபிளார்மின் அழுத்த உணரியை டேப்லெட்டோடு இணைத்த பிறகு இரண்டும் ஒத்துப்போகின்றன. உங்களுக்கு வெயிலில் அணைந்தது எனக்குப் பனியில் அணைந்திருக்கிறது: பேட்டரி 40 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே.

* * *

தொடங்கியவன் மீண்டும் எழுதுகிறேன். பயிற்றுநரின் பதிவைப் படித்ததும் கொட்டகைக்குப் போனேன். நிறுத்தியிருந்த கிளைடரில் உட்கார்ந்து, மனைவியின் கையில் நிறுத்தக் கடிகாரத்தைக் கொடுத்து, அதே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். நான்கு ஆண்டுப் பழக்கம் இருந்தும் 9 நொடி. வான்வெளி உயரங்களை எப்போதும் வரைபடத்திலேயே பெரிய எழுத்தில் காட்டும்படி அமைப்பை மாற்றிவிட்டு மீண்டும் அளந்தோம். 2 நொடி.