"மரம் பாடுகிறது" கண்காட்சி: கேட்டது மரத்தையா, சாஃப்ட்வேரையா?

வேப்பங்காய்:
போன வாரம் ஒரு கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். "மரம் பாடுகிறது" என்று பேனர். உள்ளே தொட்டியில் ஆளுயர ஆலங்கன்று. ஒரு இலையில் ஈசிஜிக்கு ஒட்டுவது போல இரண்டு வில்லைகள், அதிலிருந்து ஒயர், ஒயர் போய்ச் சேர்வது ஒரு பெட்டியில், பெட்டியிலிருந்து ஐபேடுக்கு. ஸ்பீக்கரில் புல்லாங்குழல். கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறது. பக்கத்தில் நின்றவர் "ஆலமரத்துக்கு இவ்வளவு சங்கீத ஞானமா!" என்று உருகுகிறார்.

எனக்கு உறுத்தியது ஒன்றுதான். அவ்வளவு நேரமும் ஒரு அபஸ்வரம்கூட விழவில்லை. மோகனத்தின் ஐந்து ஸ்வரத்தைத் தாண்டி ஆலங்கன்று ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. இதற்கு மோகனம் சொல்லிக் கொடுத்தது யார்?

கானகி:
அந்தக் கலைஞர்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். அதில் என்ன தப்பு? ஒரு கன்றின் முன்னால் இத்தனை பேர் கண்ணை மூடி நின்றார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். இதே ஆட்கள் தெருவோரப் புங்கமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போகிறவர்கள். ஒரு நிறுவல் கலைப்படைப்புக்கு இதைவிட என்ன வேலை வேண்டும்?

சில்லுக்கடை:
கானகி மேடம், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். நானே ஒன்று செய்திருக்கிறேன். 555 டைமர் சில்லு, ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அவ்வளவுதான். இலையின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே மின்தடை எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும். மாறினால் ஒரு நோட்டு போடும். எந்த நோட்டு, எந்த ஸ்கேல், புல்லாங்குழலா வீணையா என்பதெல்லாம் ஆப்பில் நாம் தேர்ந்தெடுப்பது. ஐந்து ஸ்வர ஸ்கேல் வைத்துவிட்டால் எதை எப்படித் தட்டினாலும் காதுக்கு இதமாகத்தான் இருக்கும். வேப்பங்காய் கேட்ட மோகனம் அங்கிருந்து வந்தது.

வில்லைகளை இலையிலிருந்து எடுத்து ஈரக் கைக்குட்டையில் ஒட்டிப் பாருங்கள். கைக்குட்டையும் பாடும். காயக் காய ஆலாபனை கொஞ்சம் மாறும்.

கானகி:
கைக்குட்டை வாதம் பழசு சார். எல்லோரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் மார்கஸ் மேடர் என்ற ஒலிக்கலைஞர், ரோமன் ஸ்வைஃபெல் என்ற மரவியல் ஆய்வாளரோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார். வாலிஸ் பள்ளத்தாக்கில் வறட்சியில் பைன் மரங்கள் வருஷக்கணக்காகச் செத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே ஒரு பைன் மரத்தில் உணரிகளைப் பொருத்தி, மரத்துக்குள் நிஜமாகவே எழும் ஒலிகளைப் பதிவுசெய்தார்கள். நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் இருப்பதைக் கீழே இறக்கிக் கேட்க வைத்தார்கள். 2015இல் பாரிஸ் காலநிலை மாநாட்டில் அது வைக்கப்பட்டது. அதில் புல்லாங்குழல் கிடையாது. டிக் டிக் என்று வெடிக்கும் சத்தம்தான்.

பாட்டனி வாத்தியார்:
அந்த டிக் சத்தம் நிஜம். எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

மரம் தண்ணீரை வேரிலிருந்து தள்ளி ஏற்றுவதைவிட, இலையிலிருந்து இழுத்து ஏற்றுவதுதான் அதிகம். இலையில் நீர் ஆவியாகும்போது, தண்ணீரை மேலே கொண்டுபோகும் சைலக் குழாய்களுக்குள் கம்பி போல நீளும் நீர் மேலே இழுபடுகிறது. நல்ல வெயிலில் இந்த இழுவிசை வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து, இருபது மடங்கு போகும். மண்ணில் ஈரம் இல்லாதபோதும் இழுப்பு தொடர்ந்தால் அந்த நீர்க்கம்பி ஓரிடத்தில் அறுந்து, அந்தக் குழாயில் காற்றுக்குமிழி புகுந்துவிடும். அறுகிற கணத்தில் ஒரு அதிர்வு. அதுதான் டிக். 1966இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் நம்ம ஆமணக்கின் இலையில் இதைக் காதால் கேட்கும்படி பிடித்தார்கள். பிறகு காதுக்கு எட்டாத மீயொலியிலும் பிடித்தார்கள்.

2023இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் லிலாக் ஹடானி குழு தக்காளி, புகையிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் மைக் வைத்துக் காற்றிலேயே கேட்டது. தண்ணீர் இல்லாமல் வாடிய செடியிலிருந்து மணிக்கு 30 முதல் 50 டிக், ஏறக்குறைய 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸில். நல்லாத் தண்ணீர் விட்ட செடியில் மணிக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

ஆகவே வேப்பங்காய் அவர்களே, தொட்டியில் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஆலங்கன்று விடாமல் கச்சேரி செய்தது என்றால், அது நிச்சயமாக இந்த ஒலி இல்லை.

கொல்கத்தா ரிட்டர்ன்:
இதையெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஜகதீஷ் சந்திர போஸ் சொல்லிவிட்டார். மரத்துக்கு நாடித்துடிப்பு உண்டு என்று நிரூபித்தார். வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான், நம் ஆட்கள் வழக்கம்போலக் கிண்டல்.

பாட்டனி வாத்தியார்:
சார், போஸ் மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவர் இங்கே உங்கள் கட்சிக்கு உதவ மாட்டார். தண்டின் உயிரணுக்கள் துடித்துத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்றார், அந்தக் கருத்து நிற்கவில்லை. டிக்சன், ஜோலி 1894இல் சொன்ன இழுப்புக் கொள்கைதான் நின்றது. போஸுடைய கருவிகள்தான் அபாரம். செடியின் அசைவைப் புகை படிந்த கண்ணாடியில் கோடாக எழுத வைத்தார். வளைந்த கோடு வந்தால் வளைந்த கோட்டையே வெளியிட்டார். அதற்கு ராகம் போடவில்லை.

வேப்பங்காய்:
வாத்தியார் சொன்னதை ஏற்கிறேன். பைன் மரத்து டிக் மரத்துடையது. ஆனால் கானகி மேடம் ஒன்றை விட்டுவிட்டார். மேடர் டிக் சத்தத்தை மட்டும் வைக்கவில்லை. சாறு ஓடும் வேகம், தண்டு பருத்துச் சுருங்குவது, வெயில், காற்றின் ஈரம், இந்த அளவீடுகளையும் ஒலியாக மாற்றி அதே படைப்பில் கலந்திருக்கிறார். அந்த ஒலிகளை மரம் எழுப்பவில்லை. என்ன சத்தம் கொடுப்பது என்று முடிவு செய்தவர் அவர். கேட்கிறவனுக்கு எது எது என்று பிரித்துத் தெரியுமா?

கானகி:
தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்கிறேன்! ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி படம் எடுப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில். நாம் வியந்து பகிரும் படங்களில் இருக்கும் நிறங்கள் பிறகு ஒதுக்கப்பட்டவை. அதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. மரம் என்றால் மட்டும் ஏன் இவ்வளவு கறார்?

இன்னொன்று. சாறு ஓடுவது சத்தமே போடாது. சத்தம் இல்லாததை எப்படித்தான் உணர்த்துவது? வாலிஸில் 2003 முதல் காட்டின் சில பகுதிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சி, பக்கத்துப் பகுதிகளை வறட்சியில் விட்டு ஆராய்கிறார்கள். அந்த வித்தியாசத்தை வரைபடமாகப் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள்?

சில்லுக்கடை:
வெப் படத்தில் நிறம் ஒதுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது மேடம். நீண்ட அலை சிவப்பு, குறுகிய அலை நீலம். வரிசை குலையாது. டிக் சத்தத்தைப் பத்து மடங்கு மெதுவாக ஓட்டி 60 கிலோஹெர்ட்ஸை 6 ஆக்கினால் அதுவும் அப்படியே. இரண்டு டிக்குகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் பத்து மடங்கு நீளும், கணக்கு நேர்மையாக இருக்கும். புல்லாங்குழல் பெட்டியில் அந்த வரிசை எங்கே? ஈரம் கூடினால் ஸ்வரம் ஏறுமா இறங்குமா என்றுகூட அங்கே நிற்பவருக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் யூட்டாவில் இருக்கும் பாண்டோ பதிவு. ஒரே வேரிலிருந்து கிளைத்த ஆஸ்பென் காடு அது. பார்த்தால் சுமார் 47,000 தண்டுகள், எல்லாம் ஒரே மரம். ஜெஃப் ரைஸ் என்ற ஒலிப்பதிவாளர் ஒரு கிளையடிப் பொந்துக்குள் நீரடி மைக்கை வேர் வரை இறக்கினார். இடிமழை நேரத்தில் ஒரு கனத்த உறுமல் பதிவானது. மேலே லட்சக்கணக்கான இலைகள் நடுங்குவது தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது என்று அவர் கருதுகிறார். ஸ்கேலும் இல்லை ஆப்பும் இல்லை, அப்படியே உட்கார்ந்து கேட்கலாம்.

கானகி:
அது நீங்கள் எலெக்ட்ரானிக்ஸ்காரர் என்பதால் பிடிக்கிறது. பத்து வயசுப் பிள்ளை அந்த உறுமலை அரை நிமிஷம் கேட்கும், அப்புறம் போன் கேட்கும்.

தென்னந்தோப்பு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் மரத்தில் காது வைத்துக் கேட்கிற ஆட்கள்தான். சிவப்புக் கூன்வண்டு விழுந்த தென்னையில் புழு உள்ளே நாரைக் கடிக்கிற சத்தம் கேட்கும், கரகரவென்று. தண்டில் சின்ன ஓட்டை, அதிலிருந்து பழுப்பாக ஒரு நீர் வடிந்திருக்கும், சவைத்த நார் துருத்திக்கொண்டு நிற்கும். அங்கே காதை ஒட்ட வைக்க வேண்டும். குருத்து சாய்ந்த பிறகு கேட்டுப் புண்ணியமில்லை, மரம் போய்விட்டது. வளைகுடாவில் பேரீச்சைக்கு இதற்கென்றே ஒலி உணரி மாட்டிச் சோதிக்கிறார்கள்.

நான் அந்தக் கண்காட்சிக்குப் போனால் முதலில் கேட்பது "இந்தக் கன்றுக்கு என்ன நோய்?" என்றுதான். பதில் சொல்ல முடியாத சத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வேப்பங்காய்:
அண்ணே, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். கலைஞர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை: "இலையின் மின்தடை மாற்றத்துக்கு நாங்கள் இசை அமைத்திருக்கிறோம்." அது இருந்தால் நானும் கைதட்டிவிட்டு வந்திருப்பேன்.

கானகி:
அட்டை வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வாசலில் வைக்க வேண்டாம், வெளியே போகும் வழியில் வைக்கட்டும். முதலில் கேட்கட்டும், பிறகு படிக்கட்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

வேப்பங்காய்:
படிக்காமலேயே போய்விடுவார்கள் மேடம்.

சில்லுக்கடை:
தென்னந்தோப்பு அண்ணே, உங்கள் பக்கம் கூன்வண்டு சந்தேகம் உள்ள மரம் இருந்தால் சொல்லுங்கள். அதிர்வை மின்சாரமாக மாற்றும் பியசோ தகடு ஒன்றைத் தண்டில் ஒட்டி, 192 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யும் ரெக்கார்டர் எடுத்து வருகிறேன். புழுவும் கிடைக்கும், வாத்தியாருடைய டிக்கும் கிடைக்கலாம்.

தென்னந்தோப்பு:
இரண்டு மரம் சந்தேகத்தில் இருக்கிறது தம்பி, வாங்க. விடியற்காலையில் வாங்க. வெயில் ஏறி காற்று கிளம்பிவிட்டால் மட்டை உரசுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

பாட்டனி வாத்தியார்:
விடியற்காலையில் புழு கிடைக்கும், டிக் கிடைப்பது கஷ்டம். ராத்திரி முழுக்க மரம் தண்ணீர் குடித்திருக்கும். மதியமும் ஒரு தடவை ஓட்டுங்கள், காற்று எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொண்டு.