நிலம் வாங்கும் முன்: வரத்துக்காலும் அடுப்படியும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், ஆச்சிமாருக்கும் வணக்கம்.

நம் மடற்குழுவுக்குத் துபாய்த் தம்பி அனுப்பிய திட்டத்தை மூன்று முறை படித்தேன். செட்டிநாட்டில் நம் ஊர் பைபாஸ் பக்கம் பன்னிரண்டு ஏக்கர், நாற்பது வீடு, நடுவில் பொதுச் சமையல்கூடம், சோலார், இயற்கை விவசாயம், ஓய்வுபெற்ற பிறகு நாமெல்லாம் ஒரே இடத்தில். ஆசை நியாயமானது. எனக்கும் அதே ஆசைதான், சிங்கப்பூரில் இருபத்தாறு வருடம் ஓட்டியாயிற்று. ஆனால் ஊருக்கு வெளியே போய் இன்னொரு ஊர் கட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன். கூடி வாழ்வதை ஊருக்குள்ளேயே தொடங்கலாம். கொஞ்சம் நீட்டித்தான் எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

போன தையில் ஊரில் பதினெட்டு நாள் இருந்தேன். ஆத்தாவுக்கு இப்போது 79 வயது. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில், ஆத்தா புழங்குவது ஒரு அறையும் வளவில் ஒரு மூலையும்தான். அடுப்படிச் சுவரில் ஏழு அடுப்பின் கரி இன்னும் அப்படியே இருக்கிறது. எரிவது ஒரே ஒரு கேஸ் அடுப்பு. முதல் நாள் பதினொன்றரை மணிக்கு எதிர்வீட்டு ஆச்சி தூக்கில் சாம்பாரோடு வந்தார்கள். பின்னாலேயே மூன்றாவது வீட்டு ஆச்சி, கிண்ணத்தில் வெண்டைக்காய் மண்டியோடு. ஆத்தா சோறு மட்டும் வடித்து வைத்திருந்தார்கள். மூன்று பேரும் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். ஒன்றரை வருடமாக இப்படித்தானாம். “மூணு வீட்டுல மூணு உலை எதுக்கப்பா?” என்றார்கள் ஆத்தா. ராத்திரிக்கு மட்டும் அவரவர் வீட்டில் தாழ் போட்டுக்கொண்டு தனியாகப் படுக்கிறார்கள்.

நாம் மடல் மேல் மடலாகத் திட்டம் போடுவதை அந்த மூன்று பேரும் ஏற்கனவே பாதி செய்துவிட்டார்கள்.

டென்மார்க் மாதிரியைத் தம்பி எழுதியிருந்தார். 1972ல் கோபன்ஹேகனுக்கு வடக்கே 27 குடும்பங்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட குடியிருப்பு அது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனிச் சமையலறை. பொதுவாக ஒரு பெரிய வீடு, அதில் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிடுவது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் வளவு வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்யாணமான பிள்ளையை ‘வேறு வைத்து’, பாத்திரம் பண்டமும் ஒரு வருடத்துக்கு வேண்டிய சாமானும் கொடுத்து, அதே வீட்டில் தனி உலை வைக்கச் செய்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தன் அறை, தன் அடுப்பு, தன் கணக்கு. வளவும் கேணியும் முகப்பும் எல்லோருக்கும் பொது. விசேஷம் என்றால் ஏழு அடுப்பும் ஒன்றாக எரியும். தனியாகவும் இருக்கலாம், கூடியும் இருக்கலாம் என்ற அளவு அந்த வீட்டுக்குள் ஏற்கனவே இருக்கிறது. அந்த வீடுகள் இப்போது பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றைப் பிரித்து விற்று, தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன. 2014ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் வாழ்த்துச் சொன்னோம். அதன் பிறகும் வீடு இடிவது நிற்கவில்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். நான் வடிகால் வேலை பார்க்கிறவன், இதில் மட்டும் கொஞ்சம் உறுதியாகவே பேசுவேன்.

நம் பக்கம் வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் அதிகம் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் விழுந்தால் ஒரு லிட்டர். எங்கள் வீட்டுக் கூரை ஏறக்குறைய 500 சதுர மீட்டர். சேதாரம் போக வருடத்துக்கு 3,60,000 லிட்டர் தேறும். பதினைந்து பேர் ஆளுக்குத் தினம் 65 லிட்டர் என்று வருடம் முழுக்கப் புழங்கலாம். கூரையை உள்பக்கம் சரித்து, வளவு முற்றத்தில் தண்ணீர் விழ வைத்து, அண்டாவில் பிடித்தது போக மிச்சத்தைக் கல் சாக்கடை வழியே தெருவுக்கு விட்டார்கள் என்றால் அது அழகுக்காக மட்டுமில்லை. அவ்வளவு தண்ணீரையும் தேக்க வீட்டுக்குள் தொட்டி கட்ட முடியாது. அதற்குத்தான் ஊரணி, ஊர்ப் பொதுக் குளம். நான் இருக்கிற சிங்கப்பூர் தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழையைப் பிடித்து வைக்கிறது. அதே வேலையைத்தான் நம் ஊர் ஊரணியும் கண்மாயும், மிகுந்த தண்ணீரை வெளியேற்றும் கலுங்குமாகச் செய்துகொண்டிருந்தது.

இந்த முறை குடி தண்ணீர் ஊரணியைப் பார்த்தேன். நல்ல மழை பெய்த வருடம், தை மாதம், ஆனால் கீழ்ப்படி வரை காய்ந்து கிடந்தது. நடுக்கிணற்றில் மட்டும் பச்சையாகக் கொஞ்சம். உள்ளூர்க் கொத்தனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஊரணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே போகிறது என்று நடந்தோம். முதல் நூறு மீட்டர் சீமைக்கருவேலம், அரிவாள் இல்லாமல் நுழைய முடியவில்லை. அப்புறம் குப்பை. அதைத் தாண்டினால் ஒரு மனைப்பிரிவுக்குப் போட்ட சாலை, கால்வாயின் குறுக்கே ஒரு குழாய்கூடப் பதிக்காமல் கிராவல் கொட்டி நிரவியிருக்கிறது. ஒரு பக்கம் செம்மண் வண்டல் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருந்தது. மறுபக்கம் வெறும் தரை. தண்ணீர் அந்த இடத்தில் நின்று, திரும்பி, பைபாஸ் பள்ளத்துக்குப் போயிருக்கிறது. கொத்தனார் குனிந்து வண்டலைக் கையில் எடுத்து நசுக்கிக் காட்டினார். மாவு போல இருந்தது. “இது ஊரணிக்குள்ள வந்திருக்க வேண்டியதுங்க” என்றார்.

அதற்கும் மேலே நடந்தால் வருகிற மேட்டு நிலம்தான், தம்பி சொல்லும் பன்னிரண்டு ஏக்கர். ஊரணிக்கு மழை இறங்கி வரும் இடமே அதுதான். அங்கே நாற்பது வீடும் சாலையும் மதிலும் வந்தால், எத்தனை சோலார் தகடு வைத்தாலும் கீழே ஊர் ஊரணி செத்துப்போகும். இது தம்பிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நடந்து பார்க்கும் வரை எனக்கும் தெரியாது.

ஆரோவில்லைச் சிலர் உதாரணம் காட்டியிருந்தீர்கள். அங்கே 1968ல் தொடங்கியபோது இருந்தது மழையில் அரித்துப்போன செம்மண் மேடு. ஆரம்பத்தில் வந்தவர்கள் வரப்புக் கட்டி, ஓடையை மறித்து, மரம் வைத்தார்கள். மண் நின்ற பிறகுதான் அது இன்றைக்கு நாம் பார்க்கிற காடு. இன்னொன்றும் உண்டு. அங்கே நிலமோ வீடோ குடியிருப்பவரின் சொந்தச் சொத்து இல்லை, விலை ஏறியது என்று விற்றுவிட்டுப் போக முடியாது. நம் திட்டத்தில் ‘முதலீடு’ என்ற சொல் எட்டு இடத்தில் வருகிறது. விற்று லாபம் பார்க்கலாம் என்று ஒரு வழியைத் திறந்து வைத்தால், பத்து வருடத்தில் அது இன்னொரு வில்லா மனைப்பிரிவாகிவிடும்.

யார் உறுப்பினர் என்பதை இன்னும் யாரும் கேட்கவில்லை. இந்த மடற்குழுவில் இருக்கும் நாம் பெரும்பாலும் இரண்டு தெருப் பிள்ளைகள். ஊரில் தினம் விளக்கு ஏற்றி வாழ்கிறவர்கள் வேறு. நம் வீட்டுச் சாவியை வைத்திருப்பவர், ஆத்தாவுக்கு மருந்து வாங்கி வருபவர், ஓடு மாற்றத் தெரிந்தவர், கண்மாய்க்குக் கீழே ஒரு போகம் நெல் போடுபவர். அப்பத்தா காலத்தில் அந்த ஊரணியின் எல்லாப் படியிலும் எல்லோரும் இறங்க முடிந்ததில்லை. அது நமக்கெல்லாம் தெரியும். கூட்டுறவு என்று பெயர் வைத்துவிட்டு மறுபடியும் அதையே மதில் கட்டிச் செய்ய எனக்குச் சம்மதமில்லை. நாம் அமைக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே அவர்களும் சந்தா கட்டிய உறுப்பினராக உட்கார வேண்டும். 1983ஆம் வருடத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். நியூஜெர்சியில் இருந்து பணம் அனுப்புகிறவருக்கும் ஒரு ஓட்டு, மேலத்தெருக் கொத்தனாருக்கும் ஒரு ஓட்டு. அது நமக்கு ஏற்குமா என்பதை இப்போதே பேசிவிடலாம்.

ஊர் ஒன்றுசேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்களுக்குப் பறவைகள் கூடுகட்ட வருகின்றன. அரசு 1977ல் சரணாலயமாக்கியது. பறவை மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. சின்னப் பிள்ளைகள்கூட. பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் பார்க்கிறவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது.

சட்டப் பக்கம் நான் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வைத்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். என்.ஆர்.ஐ.களும் (வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள்), ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர்) இந்தியாவில் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு ஏக்கரில் பெரும்பகுதி புஞ்சை. உள்ளூர் மச்சினன் பேரில் வாங்கி வைப்போம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பினாமிச் சட்டத்தில் மாட்டும், மச்சினனுக்கும் நமக்கும் மனத்தாங்கலும் வரும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்புக் கணக்கில் வரும், சங்கத்துக்கு அதற்கான தனி அனுமதி வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால் பணம் திரட்டும்போது இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுவிடக் கூடாது.

பூட்டிக் கிடக்கும் பங்காளி வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது. முப்பது நாற்பது பேருக்குப் பாத்தியப்பட்ட வீட்டை விற்பதும் பாகம் பிரிப்பதும் நடக்காத காரியம். நீண்டகாலக் குத்தகைக்குச் சம்மதம் வாங்குவது அவ்வளவு கடினமில்லை, ஏனென்றால் யாரும் எதையும் இழக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரம் பதிவாக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அத்தாட்சி பெற்று அனுப்பலாம். ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டு எங்கள் பெரியப்பச்சி வகையில் ஒரு காரியம் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

என் யோசனை இதுதான். எங்கள் வீட்டுப் பங்காளிகள் பதினொரு பேரில் எட்டுப் பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். இரண்டாங்கட்டையும் அடுப்படியையும் சங்கத்துக்குக் குத்தகைக்குத் தருகிறோம். முதலில் கூரை, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் ஓடு. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச வேண்டாம், ஈரம் உள்ளே நின்று சுவர் உப்பிவிடும். ஆறு அறைகளைச் சரிசெய்து, ஒரு அடுப்படியில் மூன்று ஆச்சிமாருக்கும், தனியாக இருக்கும் வேறு யாருக்கும், ஜாதி பார்க்காமல் மதியச் சாப்பாடு. சமைக்க இரண்டு பேருக்குச் சம்பளம். நாமும் வரும்போது அங்கேதான் தங்க வேண்டும், காரைக்குடி லாட்ஜில் இல்லை. கழிப்பறைக்கு திருச்சி பக்கம் முசிறியில் செய்தது போலக் கழிவை உரமாக்கும் முறையைப் பார்க்கலாம், அதைப் பின்னால் பேசிக்கொள்ளலாம். ஒரு வருடம் சேர்ந்து இருந்து, யார் பாத்திரம் கழுவுவது, யார் கணக்கு எழுதுவது, யாரோடு யாருக்கு ஒத்துப்போகிறது என்று தெரிந்த பிறகு இரண்டாவது வீடு.

அதற்கும் முன்னால் வரத்துக்கால். ஐப்பசி மழைக்குள் முடிந்தாக வேண்டும். ஆவணியில் மூன்று வாரம் லீவு போட்டிருக்கிறேன், லெவல் பார்க்கும் கருவியோடு வருகிறேன். சாலைக்கு அடியில் குழாய் பதிக்கப் பஞ்சாயத்தில் மனு கொடுக்க வேண்டும். ஊரில் இருப்பவர்கள் கையெழுத்துத்தான் அதில் முதலில் வர வேண்டும். துபாய்த் தம்பி, நீங்களும் அந்த வாரம் வர முடியுமா? உங்களோடு அந்த மேட்டு நிலத்தில் நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். திட்டத்தில் நீங்கள் போட்ட உழைப்பு வீண் இல்லை, பொதுச் சமையல்கூடத்துக்கு நீங்கள் எழுதிய செலவுக் கணக்கை அப்படியே எங்கள் அடுப்படிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கோலாலம்பூர் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய ஊர் வரைபடம் ஒன்று, துணியில் ஒட்டியது, இருந்ததாக ஆத்தா சொன்னார்கள். வரத்துக்கால் எத்தனை அடி அகலம் என்று அதில் இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று சொன்னால், ஊரில் ஆள் விட்டுப் படம் எடுக்கச் சொல்கிறேன்.