கெம்ப் லோட்மாஸ்டரில் சப்-விஎஸ் பிரித்தபின் அவுட்லுக் மட்டும் இணைய மறுக்கிறது

கேட்டவர்:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் எக்ஸ்சேஞ்ச் 2016 மெயில் சர்வர்கள் இரண்டும், அவற்றுக்கு முன்னால் கோரிக்கைகளைப் பகிர்ந்தனுப்பும் கெம்ப் லோட்மாஸ்டர் ஒன்றும் இயங்குகின்றன. போன வாரம் வரை 443 போர்ட்டில் ஒரே விர்ச்சுவல் சர்வீஸ்தான் (கோரிக்கைகளை வாங்கும் நுழைவாயில்) இருந்தது. அதன் ஹெல்த் செக், போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஒரு சர்வரில் ஆக்டிவ்சிங்க் (கைபேசிகளுக்கான மெயில் சேவை) முடங்கிய அன்றும் போர்ட் திறந்தே இருந்ததால், லோட்மாஸ்டர் கைபேசிகளை அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தது; பலருக்கு அரை நாள் மெயில் வரவில்லை. ஆகவே ஓ.டபிள்யூ.ஏ. (பிரவுசர் மெயில்), இ.டபிள்யூ.எஸ். (பிற நிரல்களுக்கான வெப் சேவை), ஆக்டிவ்சிங்க், ஆட்டோடிஸ்கவர் (கணக்கு அமைப்புகளைத் தானே கண்டறிய உதவுவது), எம்.ஏ.பி.ஐ. (அவுட்லுக் இணையும் வழி) ஒவ்வொன்றுக்கும் அந்த சர்வீஸின் கீழ் தனித்தனி சப்-விஎஸ் (துணை விர்ச்சுவல் சர்வீஸ்) அமைத்தேன். பொது ஐ.பி. முகவரி ஒன்றே இருப்பதால், எங்கள் வருகைப்பதிவுச் செயலியின் ஏ.பி.ஐ. (பிற நிரல்கள் அதனுடன் பேசும் வழி) பாதைக்கும் ஒன்று சேர்த்தேன். இப்போது பிரவுசரில் மெயில் திறக்கிறது. அவுட்லுக் மட்டும் இணைய முயன்றபடியே நிற்கிறது. சப்-விஎஸ் எல்லாம் பச்சை நிறத்தில்தான் உள்ளன. எங்கே பார்ப்பது?

பதில் 1:
சப்-விஎஸ்ஸுக்குச் சொந்த ஐ.பி. கிடையாது, தாய் சர்வீஸுக்கு வரும் கோரிக்கையின் பாதையைப் படித்துத்தான் அது பிரிக்கப்படுகிறது. எஸ்.எஸ்.எல். குறியாக்கம் தாய் சர்வீஸில் அவிழ்க்கப்படாவிட்டால் படிப்பதற்கு எதுவும் இருக்காது. அங்கே அவிழ்த்து, சர்வருக்கு அனுப்பும்போது மறுபடி குறியாக்கம் செய்யும்படி வைத்திருக்கிறீர்களா?

கேட்டவர்:
ஆம், அப்படித்தான் வைத்துள்ளேன். பழைய சர்வீஸில் ரியல் சர்வர்கள் (கோரிக்கை போய்ச் சேரும் சர்வர்கள்) இருந்தவரை சப்-விஎஸ் சேர்க்கும் பொத்தானே தென்படவில்லை. அவற்றை நீக்கிய பிறகுதான் வந்தது. அதற்கே ஒரு மாலை போயிற்று.

பதில் 2:
பிரவுசரில் மெயில் திறப்பதால் எஸ்.எஸ்.எல்.-இல் குறை இருக்க வாய்ப்பில்லை. பச்சை நிறத்தையும் நம்ப வேண்டாம்: அந்த சப்-விஎஸ்ஸின் சர்வர்கள் உயிருடன் உள்ளன என்பதை மட்டுமே அது சொல்கிறது, கோரிக்கை சரியான இடத்துக்குப் போகிறதா என்பதை அது சொல்லாது. அவுட்லுக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகைப்பதிவுச் செயலியின் சர்வர் லாகைப் பாருங்கள். அத்துடன் ஏ.பி.ஐ.-க்கான கன்டென்ட் ரூலில் (எந்தப் பாதை எந்த சப்-விஎஸ்ஸுக்கு என்று சொல்லும் விதி) என்ன எழுதினீர்கள் என்பதையும் அப்படியே சொல்லுங்கள்.

கேட்டவர்:
வியப்பாக இருக்கிறது, சார். செயலியின் லாகில் எம்.ஏ.பி.ஐ. பாதைக்கான கோரிக்கைகள் வரிசையாக வந்து, ஒவ்வொன்றும் 404 (அப்படியொரு பக்கம் இல்லை) வாங்கிக்கொண்டு திரும்புகின்றன. ரூலில் ஏ.பி.ஐ. என்ற மூன்று எழுத்துகளை மட்டுமே எழுதியிருந்தேன். முன்னால் சாய்கோடுகூட இல்லை.

பதில் 2:
கோளாறு அதுதான். ரெகுலர் எக்ஸ்பிரஷன் ரூல், எழுதிய சொல் பாதையில் எந்த இடத்தில் வந்தாலும் பொருந்திவிடும், எம்.ஏ.பி.ஐ. என்பதற்குள்ளேயே ஏ.பி.ஐ. ஒளிந்திருக்கிறது. இப்படி இரண்டு ரூல்களுக்கும் பொருந்தும் கோரிக்கை எங்கே போய் விழும் என்பது வரிசையைப் பொறுத்தது. வரிசையை மாற்றினாலும் அவுட்லுக் இணையக்கூடும். ஆனால் நாளை வேறொருவர் வரிசையைத் தொட்டால் பழைய கதைதான். ஒவ்வொரு ரூலையும் தொடக்கத்தைக் குறிக்கும் ^ குறியுடன் ஆரம்பித்து, அடுத்துச் சாய்கோடும், அதன்பின் பாதைப் பெயரும் வருமாறு எழுதுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்ற தேர்வையும் எல்லா ரூலிலும் இயக்குங்கள். ஆட்டோடிஸ்கவர் பாதையைச் சில கருவிகள் பெரிய எழுத்தில் தொடங்கியும் சில சிறிய எழுத்திலும் கேட்பதால், இது இல்லையென்றால் ஒரு கைபேசியில் கணக்குச் சேரும், இன்னொன்றில் சேராது.

ஹெல்த் செக்கில் என்ன கொடுத்திருக்கிறீர்கள்? 2013 பதிப்பிலிருந்து எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு பாதையின் கீழும் ஹெல்த்செக்.ஹெச்டிஎம் என்ற பக்கத்தைத் தானே தருகிறது. அந்தச் சேவை நலமாக இருந்தால்தான் அது 200 (எல்லாம் சரி) என்று பதில் சொல்லும். அந்தந்த சப்-விஎஸ்ஸில் அந்தந்தப் பாதையின் பக்கத்தையே கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஓ.டபிள்யூ.ஏ. பக்கத்தை ஒட்டிவைத்தால், பிரித்ததே வீண்.

கேட்டவர்:
எல்லாவற்றிலும் ஓ.டபிள்யூ.ஏ. பக்கத்தைத்தான் ஒட்டியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது பக்கங்களைத் தனித்தனியாக மாற்றி, ரூல்களையும் நீங்கள் சொன்னபடி திருத்தினேன். அவுட்லுக் உடனே இணைந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் முதல் சர்வரில் ஆக்டிவ்சிங்க்குக்கான அப்ளிகேஷன் பூலை (அந்தச் சேவையை இயக்கும் பகுதி) வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். சிறிது நேரத்தில் ஆக்டிவ்சிங்க் சப்-விஎஸ்ஸில் அந்த ஒரு சர்வர் மட்டும் சிவப்பானது, ஓ.டபிள்யூ.ஏ.-வில் அதே சர்வர் பச்சையாகவே நீடித்தது. என் கைபேசிக்கு அனுப்பிய சோதனை மெயிலும் இரண்டாம் சர்வர் வழியாக வந்து சேர்ந்தது.