மறு: ரேஸ் கண்டிஷனுக்குத் தமிழ்ச் சொல்: ‘முந்துவழு’ என்று வைக்கலாமா?

வணக்கம்ங்க.

இரண்டு செயல்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு கெடும் மென்பொருள் வழுவை (bug) ஆங்கிலத்தில் ரேஸ் கண்டிஷன் என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் அண்ணா ஒருவர் ‘பந்தய நிலை’ என்றார். ‘நேரப் பிழை’யே போதும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. ஏன் என்பதை நாங்கள் துரத்திப் பிடித்த ஒரு வழுவை வைத்தே சொல்கிறேன்.

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரங்களின் மின்மீட்டர்கள் எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 லைனில் (பல கருவிகள் பகிரும் கம்பி இணைப்பு), மோட்பஸ் என்னும் கேள்வி-பதில் முறையில், ஒரு லினக்ஸ் கணினிப் பெட்டியோடு பேசுகின்றன. வேகம் 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட். அந்த லைனில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். அதனால் பெட்டி கேள்வியை அனுப்பி முடித்ததும் லைனை விட்டுவிட வேண்டும். அப்போதுதான் மீட்டரின் பதில் வர முடியும்.

மில் முழு ஓட்டத்தில் இருக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. வார விடுமுறையில், பெட்டிக்கு வேலையே இல்லாத நேரத்தில்தான் மீட்டர்கள் பதில் சொல்லாமல் நின்றன. மில் எலக்ட்ரீஷியன்கள் கேபிளை மாற்றினார்கள், லைன் முனையில் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டரை மாற்றினார்கள், கடைசியில் மீட்டரையே மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியில் அந்த லைனை இயக்கும் மென்பொருளான டிரைவரில் லாக் (பதிவு) எழுத ஒரு வரி சேர்த்தால் கோளாறு மறைந்தது, அதை எடுத்தால் திரும்ப வந்தது. சந்தேகம் டிரைவர் மேல் திரும்பியது அப்போதுதான்.

பைட்களைப் பிட் பிட்டாக லைனில் அனுப்புவது யூஆர்ட் சிப். 16550 வகை யூஆர்ட்டில், சிப்பின் நிலையைக் காட்டும் லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் 5ஆம் பிட், ‘பஃபர் காலி’ என்று சொல்லும். 6ஆம் பிட், ‘எல்லாமே வெளியே போய்விட்டது’ என்று சொல்லும். 5ஆம் பிட் எழும்போது கடைசி பைட் இன்னும் ஷிப்ட் ரெஜிஸ்டரில் (பிட்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் இடம்) இருக்கிறது. தொடக்க, முடிவு பிட்களையும் பிழை பார்க்கும் பாரிட்டி பிட்டையும் சேர்த்தால் 11 பிட். 9600 பாடில் அது வெளியேற ஏறக்குறைய 1.15 மில்லிசெகண்ட் ஆகும். எங்கள் டிரைவர் 5ஆம் பிட்டுக்கான இன்டரப்ட் (சிப் தரும் அறிவிப்பு) வந்ததுமே லைனை விடும் வேலையை வரிசையில் போட்டுவிடும். பெட்டி சும்மா இருந்தால் அந்த வேலை உடனே ஓடி, கடைசி பைட்டை அறுத்துவிடும். அந்த பைட், கேள்வி சிதையாமல் வந்ததா என்று பார்க்க உதவும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணின் பாதி. சிஆர்சி பொருந்தாத கேள்வியை மீட்டர் கண்டுகொள்ளாது. பெட்டிக்குப் பளு இருந்தால் வேலை கொஞ்சம் தாமதமாக ஓடும், பைட்டும் தப்பிக்கும். லாக் வரி கோளாறை மறைத்ததும் இப்படித் தாமதம் தந்துதான். ரொம்பத் தாமதமானால் அதுவும் கேடுதான். மோட்பஸில் 3.5 எழுத்து நேரம், அதாவது சுமார் 4 மில்லிசெகண்ட் அமைதிக்குப் பிறகு மீட்டர் பதிலைத் தொடங்கலாம். அதற்குள் நாம் லைனை விடவில்லை என்றால் பதிலின் முதல் பைட் கெடும்.

தோட்டத்தில் தண்ணி கட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும். மோட்டார் சத்தம் நின்றதுமே மடையை அடைத்தால் வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது.

திருத்தம் சின்னதுதான்: 6ஆம் பிட் எழும்வரை காத்திருப்பது. பல சிப்கள் அதற்கு இன்டரப்ட் தராது என்பதால் ஒரு டைமர் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘நேரப் பிழை’ மிக அகலமான சொல். இரண்டு பக்கமும் பாட் வேகம் பொருந்தாவிட்டாலும் அது நேரப் பிழைதான். ஆனால் அது பளுவைப் பார்த்து வந்து போவதில்லை. ‘பந்தயம்’ என்றால் ஓடுகிற இருவருக்கும் பந்தயம் நடப்பது தெரிய வேண்டும். ஷிப்ட் ரெஜிஸ்டருக்கு அது தெரியாது. ‘நிலை’ என்ற சொல்லையோ ஸ்டேட்டுக்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என்ற இந்தச் சொல்லைக் கணினி அறிவியலாளர் டேவிட் ஹஃப்மன் 1954இல் மின்சுற்றுகளைப் பற்றிய தன் ஆய்வேட்டிலேயே பயன்படுத்தியிருக்கிறார். இரண்டு சிக்னல்களில் எது முந்தும் என்பதுதான் அங்கேயும் கேள்வி. கருத்தின் உயிர் அந்த முந்துதலில் இருக்கிறது.

அதனால் ‘முந்துவழு’ என்கிறேன். பிந்தினாலும் வழு வருகிறதே என்று கேட்கலாம். ஒன்று பிந்தினால் மற்றது முந்திவிட்டது என்றுதானே பொருள்! 1985 முதல் 1987 வரை நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு கொடுத்த தெராக்-25 இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தங்கள் அமைய சுமார் 8 விநாடி ஆகும். கை பழகிய ஆபரேட்டர் அதற்குள் திரையில் திருத்தி முடித்தால் அந்தத் திருத்தம் முழுதாக ஏறாது. அங்கே முந்தியது மனிதக் கை. இந்தச் சொல் அதற்கும் பொருந்துகிறது.

நான் இதில் பிடிவாதமாக இருப்பது அந்த எலக்ட்ரீஷியன்களுக்காக. அவர்கள் பதிவேட்டில் ‘மீட்டர் அப்பப்போ வரவில்லை’ என்று எழுதுகிறார்கள். முந்துவழு என்று ஒன்று உண்டு, அது பளுவைப் பொறுத்து வந்து போகும் என்று தெரிந்தால், கேபிளைக் கழற்றும் முன் பெட்டி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்றும் எழுதுவார்கள்.

சொற்பட்டியலுக்கான விளக்கம்: ‘ஒன்றுக்கொன்று காத்திராத இரண்டு செயல்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் வழு.’ ‘காத்திராத’ என்பதைவிடத் தெளிவான சொல் இருந்தால் சொல்லுங்கள். டேட்டா ரேஸ் (ஒரே நினைவக இடத்தை இரண்டு செயல்கள் ஒழுங்கின்றி ஒரே நேரத்தில் தொட, அதில் ஒன்றாவது எழுதுவது) இதிலிருந்து வேறுபட்டது. அதற்குத் தனி இழை தொடங்கலாம்ங்க.